நானும் கையைத் தூக்கிய வெள்ளிக்கிழமை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வயதானால் குறையும் என்றார்கள், வயதுதான் ஆனது. அதனால், பிள்ளைகளுக்குச் சண்டையைப் பேசித் தீர்த்துக்கொள்ளப் பழக்கிய டீச்சர் என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால், என் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். சிரிக்கட்டும். பழக்கியது நான்தான். அதில் பாதியை அந்தப் பிள்ளைகள் எனக்குப் பழக்கினார்கள் என்பதும் உண்மைதான்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. அவருக்கு மலேரியா ஒழிப்பில் வேலை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சுவரில் மருந்தடிக்க வேண்டும். அவரைக் கொல்லிமலைக்குப் போட்டார்கள். நான் அப்போது சேந்தமங்கலத்தில் டீச்சர். "மலைக்கு மாத்தல் கேட்டா மறுநாளே கெடைக்கும், மலையிலிருந்து கீழ கேட்டாத்தான் கெடைக்காது" என்று ஆபீசில் கிண்டல் செய்தார்கள். கேட்டேன், கிடைத்தது. மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். திண்ணனூர் நாட்டில் இருபது முப்பது கூரை வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊர். ஓராசிரியர் பள்ளி. மேலே பஸ் கிடையாது. அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் அரை நாள். முதல் தடவை ஏறியபோது வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன், மூன்று இடத்திலும் அவரைத் திட்டினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. அத்தோடு திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் என்றால் மண் சுவர் வைத்த ஒரு கொட்டகை. முன்னால் ஒரு பலாமரம், பின்னால் ஓடையும் ஊற்றும். ஒன்று முதல் ஐந்து வரை இருபத்து மூன்று பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், ஆனால் சண்டைக்காரப் பிள்ளைகள். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப்போட்டுத் திரும்புவதற்குள் நான்காம் வகுப்பில் இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருப்பார்கள். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு பலாக்கொட்டை, ஒரு பலப்பம், உட்காரும் இடத்தில் ஒரு சாண் கூடுதல் குறைச்சல். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம்பிய காலம். கொய்யாக் குச்சி ஒன்று வைத்திருந்தேன். அடித்தவனுக்கு ஒன்று, அடிபட்டவனுக்கு ஒன்று, வேடிக்கை பார்த்து உசுப்பேற்றியவனுக்கு ஒன்று. ஒரு மாதத்தில் சண்டை நின்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் மதியம் பையன் ஒருவன் கண் வீங்கி வந்தான். "வழுக்கி உழுந்துட்டேனுங்க" என்றான். மறுநாள் இன்னொருவன் உதடு கிழிந்து வந்தான். அவனும் வழுக்கி விழுந்திருந்தான். மூன்றாவதாக ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தபோது நான் ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். பாறைக்குப் பின்னால், என் கண்ணுக்கு மறைவாக, மண் நன்றாக மிதிபட்டு மல்யுத்தக் களம் மாதிரி கிடந்தது. என் குச்சிக்குப் பயந்து அங்கே போய் அடித்துக்கொள்கிறார்கள், என்னிடம் பொய்யும் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்குக் குச்சியை அடுப்பில்தான் போட்டேன். யார் மேல் கோபம் என்று அப்போது தெரியவில்லை. என் மேல்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் ஊர்க்கூட்டம் ஒன்றைப் பார்த்தேன். இரண்டு வீட்டாருக்குக் காட்டு வரப்பில் தகராறு. ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பிராது சொல்கிறவர் எழுந்து நின்று சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை எதிராளி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு அவர் எழுந்தார், இவர் சும்மா இருந்தார். கடைசியில் தீர்ப்புக்குக் கை தூக்கச் சொன்னார்கள். கீழே எங்கள் ஊரில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைத்தான் பஞ்சாயத்து என்று பார்த்திருந்தேன். இது நன்றாக இருக்கிறதே என்று பட்டது. பள்ளிக்கூடத்திலும் வைத்தால் என்ன?

வைத்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு, பலாமரத்தடியில். மாதம் ஒரு பிள்ளை தலைவர். பிராது உள்ளவர் எழுந்து சொல்ல வேண்டும், மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. அடிக்கிற தண்டனை கிடையாது. கை தூக்கித் தீர்ப்பு. பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அப்பன் மடியில் உட்கார்ந்து ஊர்க்கூட்டம் பார்த்து வளர்ந்தவர்கள். துண்டு இல்லாத பையன்கூடத் தோளில் துண்டு இருப்பது போல ஒரு தட்டுத் தட்டிக்கொண்டுதான் பேச எழுந்தான்.

முதல் பிராது இன்னும் நினைவிருக்கிறது. "இவன் என்னையப் பாத்து மொறச்சானுங்க" என்று ஒரு பெண் பிராது கொடுத்தாள். "எம் மூஞ்சியே அப்படித்தானுங்க" என்றான் அவன். கூட்டம் வெகுநேரம் யோசித்தது. இன்னும் மூன்று நாளைக்கு அவளை எங்கே பார்த்தாலும் அவன் சிரிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அவனும் சிரித்தான். தண்ணீர்க் குடத்தோடு போகும்போது, ஆடு ஓட்டும்போது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, பல்லைக் காட்டிக்கொண்டே திரிந்தான். இரண்டாம் நாளே அவள் வந்து, "போதுமுங்க டீச்சர், மொறச்சாலே தேவலீங்க" என்று பிராதை வாபஸ் வாங்கினாள். இப்படியே ஐந்தாறு மாதம் நன்றாகப் போனது. ஓடைப் பக்கம் மண்ணில் புல் முளைத்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அவர், "வாங்க ஜட்ஜம்மா, இன்னிக்கு எத்தனை பேருக்குத் தூக்கு?" என்று கேட்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பில் அந்த வருஷம் அவள் ஒருத்திதான் பெண். அந்த ஊரில் ஐந்தாம் வகுப்புவரை வந்த முதல் பெண்ணும் அவள்தான். கணக்கில் புலி. நான் போட்ட கணக்கில் தப்பு இருந்தால், "அது ஏழு வருமுங்க டீச்சர்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாள். எனக்குக் கோபமும் வரும், பிடித்தும் இருக்கும். பரீட்சை முடிந்ததும் சேந்தமங்கலத்தில் எங்கள் அம்மா வீட்டில் தங்கி அவள் ஆறாவது படிக்கட்டும் என்று அவள் அப்பாவிடம் நடையாக நடந்து பேசியிருந்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர். கடைசியில் "சரிங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு நான்கு மாதம் ஆனது.

அவளுக்கும் என்னைப் போலவே கோபம் வரும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நான்காம் வகுப்பில் படிக்கும் தன் சொந்த மாமன் மகளைச் சிலேட்டால் அடித்துவிட்டாள். மரச்சட்டத்தின் முனை பட்டுப் புருவத்துக்கு மேல் கிழிந்தது. ரத்தம் கன்னம் வரைக்கும் ஒழுகியது. என் வீட்டுக்காரர் பெட்டியிலிருந்த டிஞ்சரைப் போட்டுக் கட்டுக் கட்டினேன். கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சாயங்காலம் கூட்டம். அந்த மாதத் தலைவன் மூன்றாம் வகுப்புப் பையன். எப்போதும் மூக்கு ஒழுகும், ஆனால் முறை தவறமாட்டான். அடிபட்டவள் எழுந்து, "என்னைய அடிச்சுப்போட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அடிச்சே?" என்று தலைவன் கேட்டான்.

அவள் எழுந்து நின்றாள். பேசவில்லை. மூன்று தடவை கேட்டான். பேசவில்லை.

நான் கேட்டேன். "என்ன கண்ணு, வாயத் தொறந்து சொல்லு. எதுக்கு அடிச்சே?"

என்னைப் பார்த்தாள், பிறகு பலாமரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். என் முகம் சூடாகிவிட்டது. இருபத்து இரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நான் கேட்கிறேன், இவள் மரத்தைப் பார்க்கிறாள். இவளுக்காகவா நான்கு மாதம் நடந்தேன்? எத்தனை திமிர்!

"கூட்டத்துல கேட்டும் பேசலீன்னா தள்ளி வெக்கறதுதானுங்க மொறை" என்றான் ஒருவன். ஊரை விட்டுத் தள்ளிவைப்பது என்று கேள்விப்பட்டிருந்தேன். நாங்கள் அதுவரை யாருக்கும் அந்தத் தண்டனை கொடுத்ததில்லை. யாரும் அவளோடு பேசக் கூடாது, சேர்ந்து விளையாடக் கூடாது, தண்ணீர் நெருப்பு கொடுக்கக் கூடாது, அவளே கூட்டத்துக்கு வந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும்வரை. தலைவன் கை தூக்கச் சொன்னான். பிள்ளைகள் தூக்கினார்கள். கட்டுப் போட்ட மாமன் மகள் கடைசியாக, பாதிக் கையைத் தூக்கினாள்.

நானும் தூக்கினேன். எனக்கு ஓட்டு இல்லை, அதுவரை எந்தத் தீர்ப்புக்கும் நான் கை தூக்கியதில்லை. அன்றைக்குத் தூக்கினேன். "கூட்டம் சொன்னா சொன்னதுதான்" என்று வாயாலும் சொன்னேன். அவள் சிலேட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. கொழுப்பு என்று நினைத்தேன். செவ்வாயும் வரவில்லை. இருக்கட்டும், கோபம் தணிந்தால் தானே வருவாள் என்று நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே மட்டுதான்.

புதன்கிழமை விடியும்போது வாசலில் ஆள் நிற்பது தெரிந்தது. அவளுடைய அம்மா. கையில் உடைந்த சட்டியின் ஓடு.

"ஏனுங்க டீச்சரம்மா, கொஞ்சம் நெருப்பு குடுப்பீங்களா?"

தீப்பெட்டி வாங்க எல்லார் வீட்டிலும் காசு இருக்காது. அடுப்பு அணைந்துபோனால் அடுத்த வீட்டில் கங்கு வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். ஆனால் அவர்கள் வீடு ஊரின் அந்தக் கோடி. நடுவில் எத்தனையோ அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன.

"இத்தனை தூரம் எதுக்குங்க வந்தீங்க? பக்கத்துல உங்க அண்ணன் ஊடு இருக்குதே?"

"அங்கதானுங்க மொதல்ல போனேன். நங்கையா இல்லீன்னுட்டாங்க." அண்ணன் மனைவியை அங்கே நங்கையா என்பார்கள். அடிபட்ட பெண்ணின் அம்மா. "பள்ளிக்கூடத்துல தீர்ப்பாயிருச்சாமுங்களே. டீச்சரம்மாளே கையத் தூக்குனாங்களாமே, சர்க்கார் ஆளு சொன்னதுக்கு மேல நாம என்ன பண்றதுன்னாங்க. இன்னும் ரண்டு ஊட்லயும் அப்படித்தானுங்க சொன்னாங்க. அதேன், தீர்ப்புச் சொன்னவங்க கிட்டயே கேக்கலாமுன்னு வந்தனுங்க."

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் கங்கை அள்ளிப் போட்டேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து தீப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அந்த அம்மா கங்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"புள்ள எங்கீங்க?" என்றேன்.

"சாமைக் காட்டுல குருவி வெரட்டறாளுங்க. இனிமே பள்ளிக்கூடம் வேண்டாங்கறா. அவங்கப்பனும் சரி உடுன்னுட்டாரு. எங்களுக்கு இந்தத் தள்ளிவெச்ச பேச்சு ஆவாதுங்க சாமி."

அந்த அம்மா போன பிறகு என் வீட்டுக்காரர், "பிள்ளையார் புடிக்கப் போயி…" என்று ஆரம்பித்தார்.

"மீதியைச் சொன்னீங்கன்னா இன்னிக்குச் சோறு கெடையாது" என்றேன். அவர் சொல்லவில்லை. அடுப்பிலிருந்த காப்பியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

நேரே நங்கையா வீட்டுக்குப் போனேன். அது பிள்ளைகள் விஷயம், தப்பு என்னுடையது, நெருப்பை நிறுத்தாதீர்கள் என்று சொன்னேன். அந்த இரண்டு வீடுகளிலும் சொன்னேன். பெரியவர்கள் சட்டென்று ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்கும் போல. பிள்ளைகளிடம்தான் என் பருப்பு வேகவில்லை. மணி அடித்ததும், "அந்தத் தீர்ப்பு செல்லாது" என்றேன். இருபத்து இரண்டு முகங்களும் என்னைப் பார்த்தன.

"எப்படீங்க செல்லாம போவும்?" என்றான் மூக்கொழுகித் தலைவன். "கூட்டம் சொன்னா சொன்னதுதான்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"இப்ப நான் மாத்திச் சொல்றேன்."

"அப்ப எனக்குப் போட்ட தீர்ப்பும் செல்லாதுங்களா? நா மூணு நாளு சிரிச்சனுங்களே!" என்று எழுந்தான் அந்த முறைப்புக்காரன்.

குச்சி இருந்திருந்தால் எடுத்திருப்பேன். நல்ல வேளை, எரித்துவிட்டிருந்தேன். அவர்கள் சொல்வது நியாயம். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் என்னிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். இன்றைக்கு என் இஷ்டத்துக்கு மாற்றினால் நாளைக்கு எல்லோரும் மறுபடி ஓடைப் பாறைக்குப் பின்னால்தான் போவார்கள். அவளே கூட்டத்துக்கு வந்தால்தான் உண்டு.

சாயங்காலம் சாமைக் காட்டுக்குப் போனேன். கதிர் பழுத்துச் சாய்ந்திருந்தது. நடுவில் நான்கு கால் நட்டுக் கட்டிய பரண். மேலே அவள் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கீழ எறங்கு" என்றேன். குரலில் அதட்டல் வந்துவிட்டது. அவள் இறங்கினாள். எதிரில் நின்றாள். என்னோடு அவள் பேசலாமா கூடாதா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நான் வரப்பில் உட்கார்ந்தேன். அவளையும் உட்காரச் சொன்னேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, கூட்டத்தில் நான் இவளிடம் கேட்டது காரணம் தெரிந்துகொள்வதற்காக இல்லை. பதில் சொல்ல வைப்பதற்காக.

"இப்ப யாரும் இல்லே. நீ சொல்லாட்டியும் நான் கோவிச்சுக்க மாட்டேன். சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு கண்ணு" என்றேன். குருவிகள் வந்து இறங்கித் தின்ன ஆரம்பித்தன. இரண்டு பேரும் விரட்டவில்லை.

அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாமன் மகள் அன்றைக்குக் காலையில் ஏதோ விளையாட்டில் தோற்ற கோபத்தில், "போடி, தள்ளிவெச்சவன் மவளே" என்று சொல்லியிருக்கிறாள். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஏதோ ஒரு தகராறில் இவள் அப்பாவை ஊர் தள்ளிவைத்திருந்தது. இரண்டு வருஷம். பிறகு சேர்த்துக்கொண்டு விருந்தும் வைத்தார்கள். எனக்கு இது எதுவும் தெரியாது. கீழிருந்து வந்தவளுக்கு யார் சொல்வார்கள்? அந்த அதிகம் பேசாத மனிதரின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் மகளுக்கு அதே தண்டனையை நான் கை தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"இதெக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே சாமி?"

"எப்படீங்க சொல்றது? சேத்துக்கிட்ட பொறவு அந்தப் பேச்ச ஊருல ஆரும் எடுக்கக் கூடாதுங்க. எடுத்தா எடுத்தவங்களுக்குத்தான் தண்டனை. நாஞ் சொன்னன்னா அவளப் புடிச்சுக்குவாங்க, மாமனையும் ஊர்க்கூட்டத்துல நிறுத்துவாங்க. அவ சின்னப்புள்ளைங்க டீச்சர். கோவத்துல சொல்லிப்போட்டா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு முன்னால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தன் கையால் அடிபட்டவளைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அதைத் திமிர் என்று நினைத்திருக்கிறேன். இதை எழுதும்போது யார் பெயரையும், ஊர்ப் பெயரையும் போடாமல் விட்டதற்கு இதுதான் காரணம். அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

"அடிச்சது தப்புத்தானுங்க" என்றாள் அவளாகவே. "கண்ணுல பட்டிருந்தா?"

"அதெ அவகிட்டச் சொன்னியா?"

"எப்படீங்க சொல்றது, பேசக் கூடாதே."

பார்த்தீர்களா, பேசித் தீர்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பி, பேச வேண்டிய இரண்டு பேரைப் பேசவிடாமல் செய்துவைத்திருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பிள்ளைகளிடம் கேட்டேன்: "தள்ளி வெச்சவங்க கூட யாரும் பேசக் கூடாது, சரி. அடிபட்டவளே பேசணும்னு கேட்டா?" அது முறையில் இல்லை என்றார்கள். முறையில் இல்லை என்றால் தடையும் இல்லையே என்றேன். தலைவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்து, கையைத் தூக்கச் சொன்னான். பாஸானது. மாமன் மகள் எழுந்து, கட்டுப் போட்ட தலையோடு சாமைக் காட்டுக்கு ஓடியே போனாள்.

இரண்டு பேரும் ஊற்றுப் பக்கம் உட்கார்ந்து பேசினார்கள். நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பாடம் நடத்தினேன் என்று சொன்னால் பொய். மற்ற பிள்ளைகள் சுவருக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தார்கள், நான் அவர்கள் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தேன். முதலில் சின்னவள் அழுதாள். பிறகு பெரியவள் அழுதாள். பிறகு சின்னவள் கட்டை அவிழ்த்துக் காயத்தைக் காட்டினாள், பெரியவள் அதில் ஊதினாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் கல் எறிந்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த ஒருவனைத் தலைவன் முழங்கையால் இடித்தான்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். கூட்டத்துக்கு முன்னால் நின்று, "அடிச்சது தப்பு. என்னையச் சேத்துக்குங்க" என்றாள். யாரும் கேட்காமலேயே சின்னவளும் எழுந்தாள். "எம்மேலயும் தப்பு இருக்குது. என்னன்னு கேக்காதீங்க."

"அவங்களே பேசி முடிச்சுட்டாங்கன்னா கூட்டத்துக்கு என்ன வேலை?" என்றான் தலைவன். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த ஆறு வருஷமும் அதுதான் வழக்கமானது. சண்டை போட்ட இரண்டு பேரும் முதலில் ஊற்றுக்குப் போய்த் தனியாகப் பேச வேண்டும். அதில் தீராததுதான் பலாமரத்துக்கு வரும். பாதிக்கு மேல் வரவே வராது.

எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

"உக்காருங்க. இன்னொரு பிராது இருக்குது" என்றேன்.

"ஆரு மேலீங்க?"

"என் மேல." எழுந்து நின்றேன். கை கட்டிக்கொண்டேன். "போன வாரம் காரணம் தெரியாம நான் கையத் தூக்கிட்டேன். அதனால ஒரு ஊட்ல அடுப்பு எரியலே. ஒரு புள்ள பள்ளிக்கூடத்த உட்டு நின்னுட்டா. எனக்கு என்ன தீர்ப்புன்னு சொல்லுங்க."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "டீச்சரத் தள்ளி வெச்சா பாடம் ஆரு நடத்துவா?" என்று கேட்டது ஒரு குரல். "அதுக்குத்தான் தள்ளி வெக்கோணுங்கறேன்" என்றது இரண்டாம் வகுப்பிலிருந்து இன்னொரு குரல். சிரிப்பு வந்தது. தலைவன் சிரிக்கவில்லை.

"மொறைன்னா எல்லாருக்கும் மொறைதான். டீச்சரத் தள்ளி வெக்கறதுக்குக் கை தூக்கறவங்க தூக்குங்க."

தயங்கித் தயங்கி ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நிறைய. நான்தான் கேட்டேன், ஆனாலும் அந்தக் கைகள் ஒவ்வொன்றாக எழுவதைப் பார்த்தபோது எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

"இருங்க" என்று அவள் எழுந்தாள். "எதுக்குத் தூக்கறீங்க? ஏன் கையத் தூக்குனாங்கன்னு இன்னும் டீச்சரக் கேக்கவே இல்லியே. கேட்டுப்போட்டுத் தூக்குங்க."

கைகள் இறங்கின. அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் வழக்காடுகிற தோரணை கொஞ்சமும் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வாரமாக அதைத்தான் அந்தப் பரண்மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"ஏனுங்க டீச்சர், ஏன் தூக்குனீங்க?"

சொல்வதற்கென்று நான்கைந்து நல்ல வாக்கியங்களைத் தயார் செய்துவைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டேன்.

"நான் கேட்டு நீ பதில் சொல்லலேன்னு கோவம் வந்துருச்சு கண்ணு. எல்லாத்துக்கும் முன்னால என்னைய நீ மதிக்கலேன்னு நெனச்சுட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள்.

"உங்கள நா மதிக்காம இருப்பனுங்களா?" என்றாள்.

தலைவன் மறுபடியும் கை தூக்கச் சொன்னான். யாரும் தூக்கவில்லை. கூட்டம் கலைந்து பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் போகாமல் நின்றாள். பையிலிருந்து சிலேட்டை எடுத்துத் பாவாடை நுனியால் துடைத்து, இந்த வாரம் நடத்திய கணக்கு ஒன்றும் தனக்குத் தெரியாது என்றாள். நானும் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.